ராணுவத்தில் இருக்கும் தங்கைக்காகக் கேட்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை பரங்கிமலையில் பயிற்சி முடித்து ராணுவ அதிகாரியானவள். இப்போது வடக்கே ஒரு யூனிட்டில் இருக்கிறாள். அங்கே பெண் அதிகாரி அவள் ஒருத்திதான்.

மேலதிகாரி ஒருவர் ராத்திரி பதினொன்றரைக்கு 'சோ கயீ?' என்று வாட்ஸ்அப் அனுப்புகிறார், அதாவது தூங்கிவிட்டாயா என்று. இவள் பதில் போடுவதில்லை. அடுத்த களப்பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, மெஸ் விருந்துக்குப் பூ அலங்காரம் பார்க்கச் சொன்னார்களாம். துப்பாக்கி பிடிக்கப் போனவளுக்குப் பூ!

புகார் கொடுக்கப் பயப்படுகிறாள். அவள் வேலையை மதிப்பிடும் ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுவதே அந்த மேலதிகாரிதான், நிரந்தரப் பணிக்கு அதைத்தான் பார்ப்பார்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போது அந்த அறிக்கையை வேறொருவர் எழுதும்படி அவள் எழுத்தில் கேட்கலாமாம். கடைசி மெசேஜ் வந்து 2 மாதம் ஆகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

முப்படைகளில், இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறீர்களா? புகாரை நேராகக் குழுவிடமே கொடுக்கலாமா, கமாண்டிங் ஆபீசர் வழியாகத்தான் போக வேண்டுமா? ராணுவச் சட்டம் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். யூனிட் பெயர் மட்டும் கேட்காதீர்கள். அப்புறம், 'வேலையை விட்டுட்டு வரச் சொல்லு' என்பதை அத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டார்.