டியூஷன் முடிச்சு வர்ற பசங்க: ஸ்கேல் டெஸ்ட்ல சரி, கோர்ட்ல மட்டும் லேட்

ஷட்டில்பித்து:
பேட்மின்டன், 15–17 வயசு. ரெண்டு மணி நேர டியூஷன் முடிஞ்சு நேரா வர்ற நாள்ல நெட் ஷாட்டுக்கு முதல் அடியே தாமதமாத்தான் விழுது. ஆனா ஸ்கேலை விட்டுப் பிடிக்கிற டெஸ்ட்ல வழக்கமான 18–20 செ.மீ.தான். குதிக்கிற உயரமும் குறையல. மூளைக் களைப்புன்னா ரெண்டுலயும் தெரியணுமே?

அரைக்கோடு:
தெரியாது சார். ஸ்கேல் 20 செ.மீ. விழ 0.20 நொடி ஆகும், அதான் பிடிக்க எடுத்த நேரம், அது சரி. ஆனா ஸ்கேல் விழுந்தா பிடிக்கணும், அங்க முடிவெடுக்க வேறொண்ணுமில்ல. ரெண்டு நிமிஷம் மனசை இழுத்துப் பிடிச்சு யாரும் சமாளிச்சிடுவாங்க. கோர்ட்ல இடமா வலமான்னு பாக்கணும், தப்பா கிளம்பின காலை அடக்கணும். சறுக்கல் அங்கதான்.

இப்படி அளங்க: போனை நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோல, ஃபீடர் (ஷட்டில் போட்டுக் குடுக்கிறவர்) ராக்கெட்டும் பையன் காலும் ஒண்ணா தெரியுற மாதிரி வைங்க. நெட்டுக்கு இடம் வலம் மாத்தி 20 ஷட்டில். வரிசையை முன்னாடியே சீட்டுல எழுதிடுங்க. ஃபீடர் மனசுக்குத் தோணினபடி போட்டா பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க. ராக்கெட் ஷட்டிலைத் தொட்டதுல இருந்து கால் சரியான பக்கம் நகர்ற வரைக்கும் ஃப்ரேம் எண்ணுங்க. ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். சராசரி எடுக்காதீங்க, அதுல எல்லாம் மறைஞ்சிடும். இருபதுல ரொம்ப லேட்டான நாலு ஷட்டிலையும், தப்புப் பக்கம் கிளம்பின எண்ணிக்கையையும் தனியா குறிங்க. டியூஷன் இல்லாத நாள்லயும் அதே வார்ம்-அப்போட இதையே செஞ்சு ஒப்பிடுங்க.

பெடல்மணி:
குதிக்கிறது குறையாததும் இதோட பொருந்துது. 2009-ல மார்கோராங்கிற உடற்பயிற்சி ஆய்வாளரோட குழு செஞ்ச ஆய்வுல, 90 நிமிஷம் கம்ப்யூட்டர்ல கவனச் சோதனை செஞ்சவங்க சைக்கிள்ல சீக்கிரமே கைவிட்டாங்க. இதயமும் தசையும் பழையபடிதான்; ‘கஷ்டமா இருக்கு’ங்கிற உணர்வு மட்டும் கூடியிருந்துச்சு. ஒரே மூச்சுல முடியுற குதி, ஸ்பிரின்ட்டை மூளைக் களைப்பு பெருசா தொடாது.

கவுன்ட்டர்டிராப்:
டியூஷன் நாள்ல மல்டி-ஷட்டிலை (இடம் வலம் கலந்து ஷட்டிலை அடுத்தடுத்து போடுற பயிற்சி) தள்ளி வைங்க, வரிசை தெரிஞ்ச ஃபுட்வொர்க் போதும். நேரம் இருந்தா 20 நிமிஷத் தூக்கம். அரை மணியைத் தாண்டினா எழுந்ததும் மந்தமாயிடும், கோர்ட்ல இறக்க கால் மணி நேரம் விடுங்க. இடைவேளைல போன் நோண்டுறது ஓய்வு இல்ல, அதுவும் மூளைக்கு வேலைதான். காபி வேணாம், சாயங்காலம் குடிச்சா ராத்திரித் தூக்கம் போகும், மறுநாளும் இதே கதை.

ஷட்டில்பித்து:
என் போன்ல 60 ஃப்ரேம்தான் வருது.

அரைக்கோடு:
அப்போ ஒரு ஃப்ரேமே 17 மில்லிசெகண்ட் ஆயிடும், நேரத்தை நம்பாதீங்க. தப்புக் காலை மட்டும் எண்ணுங்க.