புதுப்பிப்பு: டயாலிசிஸ் செய்யும் அப்பாவின் அரிப்பு – எதற்கு அடங்கியது

பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு டயாலிசிஸ் போய்வரும் அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் முதுகு அரிப்பு, தோலில் தடிப்பே இல்லை, அலர்ஜி மாத்திரையான செட்ரிசினுக்கும் அடங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"நரம்பு மாத்திரை தரலாமான்னு கிட்னி டாக்டரைக் கேளுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் பலித்தது. கபாபென்டின். இந்த அரிப்பில் ஹிஸ்டமினைவிட (அலர்ஜியில் அரிப்பைத் தூண்டும் பொருள்) நரம்புக்குத்தான் பங்கு அதிகமாம். மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் 100 மில்லிகிராம்தான், அதுவும் டயாலிசிஸ் முடிந்த நாளில் மட்டும். மற்றவர்களுக்குத் தரும் அளவு டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஆபத்து. மெடிக்கலில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.

எதிர்பாராதது தூக்கம். முதல் மாத்திரையை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறியவர், இறங்கும்போது தள்ளாடிவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்து, படுக்கும் முன்தான்.

அப்புறம், ரத்தத்தில் பாஸ்பரஸும் கூடியிருந்தது. சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் செவலமர் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், வெறும் வயிற்றில் பயனில்லை. ராகியிலும் பாஸ்பரஸ் இருப்பதால் களியை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் அப்பாவின் பெரிய கவலை! அளவை மட்டும் குறைத்தார்கள். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம்.

கட்டில் சட்டத்தில் முதுகைத் தேய்ப்பது நின்றுவிட்டது. காலில் மட்டும் கொஞ்சம் மிச்சம். பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.