வாய்ப்பாடு தெரியும், தேர்வில் அழுகை வருகிறது

கேள்வி: பையனுக்கு 9 வயது, ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு). வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், ஆனால் தேர்வில் ரப்பரால் அழிக்கும்போது தாள் கிழிந்தால் போதும், பென்சிலை வீசிவிட்டு அழுகை, மீதிப் பக்கம் காலி. அடமா இது?

பதில் 1: அடம் இல்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு), சட்டென்று வரும் எரிச்சலையும் ஏமாற்றம் தாங்காமையையும் ஏடிஎச்டியோடு கூடவே வருபவை என்கிறது, கண்டறியும் அளவுகோலில் சேர்க்கவில்லை. அதனால்தான் பலர் கவனத்தை மட்டும் பார்க்கிறார்கள். அழுகையை அடக்கவே தெம்பெல்லாம் போய்விட்டால் கணக்கின் அடுத்த படி எப்படி நினைவில் நிற்கும்?

பதில் 2: என் மகளும் இப்படித்தான். அழும்போது அறிவுரை சொல்வதை நிறுத்தினேன் (எனக்குத்தான் அது கஷ்டம்). தண்ணீர் குடிக்கட்டும், அப்புறம் பேசலாம். தப்பானால் அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடிக்கச் சொன்னோம்.

கேட்டவர்: சரி, ரப்பரை ஒளித்துவிடுகிறேன். ஆசிரியரிடம் என்ன கேட்பது?

பதில் 1: கூடுதல் நேரத்தோடு, நடுவில் 2 நிமிடம் எழுந்து போய்வர அனுமதியும்.