சீலை, சேலை: எது மூலம், எது திரிபு?

கேள்வி:

என் பாட்டி வாழ்நாள் முழுவதும் 'சீலை' என்றே சொன்னார். ஐந்தாம் வகுப்பில் நான் அச்சொல்லைக் கட்டுரையில் எழுதியபோது, ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, மேலே 'சேலை' என்று எழுதி, கொச்சையாக எழுதக் கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். இப்போது பாட்டியைப் பற்றிய நினைவுகளை எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு சொல்லில் கை நின்றுவிடுகிறது. 'சீலை' உண்மையிலேயே 'சேலை'யின் சிதைவுதானா? 'சாரி' என்ற சொல்லுக்கும் இவற்றுக்கும் உறவு உண்டா?

முதல் மறுமொழி:

தயங்காமல் 'சீலை' என்றே எழுதுங்கள். அது சிதைவு அன்று. தெலுங்கில் புடவைக்குச் 'சீர' என்றும் கன்னடத்தில் 'சீரெ' என்றும் பெயர். மலையாளத்தில் 'சீல' என்றால் துணி. இம்மூன்றிலும் முதலெழுத்து ஈகாரத்தோடு நிற்பதைக் கவனியுங்கள். தமிழிலேயே 'சீரை' என்றொரு சொல் உண்டு. காட்டுக்குப் புறப்படும் இராமன் உடுத்த மரவுரியைக் கம்பர் அச்சொல்லால்தான் குறிக்கிறார். பந்தல் பந்தர் என்றும், சாம்பல் சாம்பர் என்றும் வழங்கும் மொழியில், சீரையும் சீலையும் அருகருகே நிற்பதில் வியப்பில்லை.

வடமொழியில் கந்தலையும் மரவுரியையும் குறிக்கும் 'சீரம்' ஒன்று, ஆடையைக் குறிக்கும் 'சேலம்' மற்றொன்று. சீலையை முன்னதோடும் சேலையைப் பின்னதோடும் இணைத்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்படியானால் இவை ஒன்றிலிருந்து ஒன்று திரிந்தவை அல்ல, ஒரே ஆடையைக் குறிக்க வந்து சேர்ந்த இரண்டு சொற்கள். 'சாரி' வேறு வழியில் வந்தது. வடமொழிச் 'சாடீ' பிராகிருதத்தின் வழியாக வட இந்திய மொழிகளுக்குச் சென்று அவ்வடிவம் பெற்றது.

பெண்கள் உடுத்துவது என்ற பொருளும் பின்னால் குறுகியதே. திரைச்சீலை, குடைச்சீலை, உடுதுணியில் ஒண்டும் சீலைப்பேன் ஆகிய எல்லாவற்றிலும் சீலை என்பது வெறும் துணிதான். பழைய பொருளைத் தனிச்சொல் இழந்துவிட்டாலும் கூட்டுச்சொற்கள் விடாமல் காத்து வைத்திருக்கின்றன.

இரண்டாம் மறுமொழி:

'புடவை'க்கும் இதுவே நேர்ந்தது. நாங்கள் இலங்கையில் 'புடவைக் கடை' என்று சொல்வது எல்லாவகைத் துணியும் விற்கும் கடையை. அங்கே சட்டைத் துணியும் கிடைக்கும், ஆண்கள் உடுத்தும் சாரமும் (லுங்கி) கிடைக்கும். நெசவுத் துறையைப் 'புடவைக் கைத்தொழில்' என்றே எழுதுகிறோம். பெண்கள் உடுத்துவதைப் பேச்சில் சீலை என்போம், அதைக் கொச்சை என்று இங்கே ஒருவரும் திருத்துவதில்லை. 'புடைவை' என்பது பழைய வடிவம். உடலின் புடையை, அதாவது பக்கத்தை, சூழ்வதால் அப்பெயர் வந்தது என்று விளக்குவோரும் உண்டு.

மூன்றாம் மறுமொழி:

நான் சித்த மருத்துவம் பார்க்கிறவன். மேலே தந்த கூட்டுச்சொற்களோடு எங்கள் தொழிற்சொல் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். சரக்குகளைத் தீயில் நீற்றி எடுக்கும் பொடி மருந்தான பற்பம் செய்யும்போது மருந்து வில்லைகளை ஓர் அகலில் வைத்து, இன்னோர் அகலால் மூடி, இரண்டும் பொருந்தும் வாயைச் 'சீலைமண்' செய்வோம். களிமண்ணைக் கல் நீக்கிக் குழைத்து, கிழித்த பருத்தித் துணியின் இரு பக்கமும் அதைத் தடவி, இடைவெளி விழாமல் சுற்றி அழுத்துவோம். அது காய்ந்த பிறகே அடுத்த சுற்று. ஏழு சீலை செய்யச் சொல்லும் மருந்துகளும் உண்டு. நன்றாக உலர்ந்தபின் வறட்டி அடுக்கித் தீமூட்டிப் புடமிடுவோம்.

பழைய வேட்டி கிழிந்தாலும் அந்த வேலைக்குப் போதும். மண் பூசிய கணத்தில் அதுவும் சீலைதான். இத்தனை ஆண்டுகளில் 'சேலைமண்' என்று ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.