46 சைஸ் (0.46 கன அங்குல இன்ஜின்) டிரெய்னர் மாடல் விமானத்தை எலெக்ட்ரிக்காக மாற்றலாமா?

பால்சாப்பித்தன்:
மெத்தனாலில் ஓடும் க்ளோ இன்ஜின் போட்ட 2.4 கிலோ டிரெய்னரை மாற்றினால் எடை ஏறும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். கணக்குப் போடுங்கள். கழற்றுவது: சைலன்சரோடு இன்ஜின் 490 கிராம், டேங்க், த்ராட்டில் சர்வோ, ரிசீவர் பேட்டரி சுமார் 200. மாட்டுவது: மோட்டார் 200, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 60, 4எஸ் 4000 லைப்போ (நான்கு செல், 4000 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பேட்டரி) 420. சரிக்குச் சரி! தேவையான பவர், கிலோவுக்கு 220 வாட் வீதம் 530 வாட். லோடில் 14 வோல்ட் என்றால் 38 ஆம்பியர். 770 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 770 சுற்று) மோட்டார், 12×6 அங்குல எலெக்ட்ரிக் ப்ரொப் (முன் விசிறி), 60 ஆம்பியர் ஈஎஸ்சி போதும்.

மெத்தனால்மணி:
பெட்ரோல் பங்க் கணக்கு மாதிரி இருக்கிறது. எரிபொருள் தீர்ந்தால் எடை குறையும். லைப்போ தீர்ந்தாலும் அதே 420 கிராம்தான் தரையிறங்கும்.

பால்சாப்பித்தன்:
மணி அண்ணே, டேங்கில் 300 மில்லி ஊற்றினால் கால் கிலோ. கிளம்பும்போது உங்கள் விமானம்தான் கனம். டேங்க் சிஜிக்கு (எடை மையத்துக்கு) முன்னால் இருப்பதால் எரிபொருள் தீரத் தீர சிஜி பின்னால் போகும். லைப்போவில் அசையாது.

மெத்தனால்மணி:
சரி, அந்த லைப்போவை எங்கே வைப்பீர்கள்? டேங்க் அறைக்குள் தள்ளினால் ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்ற வேண்டும். மேலே ஹேட்ச் (திறக்கும் மூடி) வெட்டினால் மூக்கு முறுக்கு தாங்காது. ரிசீவர் பேட்டரியையும் எடுத்துவிட்டீர்கள். இனி ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கரன்ட் தருவது ஈஎஸ்சியில் உள்ள பெக் சர்க்யூட்தான். அது மிச்ச வோல்டேஜைச் சூடாக விடும் லீனியர் பெக் என்றால், 4எஸ்ஸிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும்போது சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தாலே 10 வாட் சூடு. அது கட் ஆனால் ரேடியோவே போச்சு.

கேவிகுமார்:
பெக் விஷயத்தில் மணி சொல்வது சரி. அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் பெக் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஹேட்ச் வெட்டுவதில் தப்பில்லை, விளிம்பை வெறுமனே விடுவதுதான் தப்பு. இரு ஓரமும் கடின மரச் சட்டம், முன்னும் பின்னும் 3 மிமீ ப்ளை குறுக்குக் கட்டை வையுங்கள்.

பித்தன் சொல்லாமல் விட்டது ஃபயர்வால், அதாவது இன்ஜின் மாட்டும் முன்பலகை. பழைய உடலில் அது எண்ணெய் குடித்திருக்கும், எபாக்ஸி பிடிக்காது. அசிட்டோனால் துடைத்து, சோளமாவு அப்பி ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி துடைத்துச் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். அப்போதும் பசையை மட்டும் நம்பாமல் மோட்டாரை போல்ட், டி-நட் (மரத்தில் பதியும் நட்) போட்டு இறுக்குங்கள். ப்ரொப் பழைய இடத்திலேயே வர வேண்டும். டவுன் த்ரஸ்ட், ரைட் த்ரஸ்ட் (மோட்டாரின் கீழ்ச் சாய்வும் வலச் சாய்வும்) மாறக் கூடாது. 11 அங்குலத்திலிருந்து 12க்குப் போனால் தரை இடைவெளி அரை அங்குலம் குறையும், முன்சக்கரத்தைப் பாருங்கள்.

ஒயர் எட்டவில்லை என்றால் மோட்டார் பக்கத்து மூன்றை நீட்டுங்கள். பேட்டரி பக்கம் நீட்டினால் வோல்டேஜ் துள்ளி ஈஎஸ்சி கெபாசிட்டர் சூடாகிச் செத்துவிடும்.

மெத்தனால்மணி:
இத்தனை வேலைக்கு எலெக்ட்ரிக்குக்கென்றே வரைந்த பிளானை வெட்டிவிடலாமே. க்ளோ உடலில் அதிர்வுக்காகப் போட்ட ப்ளைவுட்டை எதற்குச் சுமப்பது?

பால்சாப்பித்தன்:
புதிதாகக் கட்டுபவர் அப்படிச் செய்யட்டும். இது உடல் கையில் இருப்பவருக்கு. 80 சதவீதம் மட்டும் எடுத்தால் 3.2 ஆம்பியர்-மணி, சராசரி 20 ஆம்பியரில் 9 நிமிடம்.

கேவிகுமார்:
காற்று வெளியேறும் துளையை, நுழையும் துளையைப் போல இரு மடங்கு வெட்டினால்தான் அந்த 9 நிமிடமும் ஈஎஸ்சி தாங்கும். டேங்க் அறைக்கும் பின்னால் பால்சா எண்ணெயில் ஊறியிருந்தால் மட்டும் மணி சொல்வதைக் கேட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.