4 எண் வளையம் போட்டாத்தான் யூஎல் கம்பா? அப்போ லீடர் முடிச்சு எந்த வழியா போகும்?

பிறை கம்புக்காரன்:
நேத்து செந்தூல் தம்பி ஒருத்தர் எழுதினதைப் படிச்சதிலிருந்து எனக்கு மனசு ஆறல. "யூஎல் பீசி கம்புக்கு நடுவிலிருந்து நுனி வரைக்கும் 4 எண் வளையம்தான். 5 போடுறவன் கட்டுறது தூண்டில் கம்பு இல்ல, கொடிக்கம்பம்"னு எழுதியிருக்கார். யூஎல்னா ரொம்ப லேசான லூர் வீசுற அல்ட்ராலைட் கம்பு. பீசின்னா கம்புக்கு மேல உட்காருற பெய்ட்காஸ்டிங் மெசின், அதாவது ரீல். வளையம்னா கம்புல நூல் நுழைஞ்சு போற வளையம். பதினாறு வருஷமா பினாங்கு பிறையில வீட்டுப் பின்கட்டுல உட்கார்ந்து கம்பு கட்டுறேன். நான் கட்டினது எல்லாத்துலயும் நுனி 5, இல்லேன்னா 5.5. பதினாறு வருஷமா நான் கொடிக்கம்பமா கட்டிக்கிட்டிருந்தேன்?

ஸ்பின்னிங் மெசின்ல நூல் சுத்தியிருக்கிற ஸ்பூல் அசையாது, நூல் தானா உருவிக்கிட்டுப் போகும். பீசியில அப்படியில்ல. பறக்கிற லூர்தான், அதாவது போலி இரைதான், ஸ்பூலை உருட்டணும். 2 கிராம் ஸ்பூன் லூருக்கு இருக்கிற தெம்பே கொஞ்சம், வழியில அதைத் தடுக்கக்கூடாது. 4 எண்ணுங்கிறது வளையத்தோட வெளி விட்டம். உள்ளே இருக்கிற துளை அதைவிடச் சின்னது. நூல் நுனியில லூருக்கு முன்னாடி கட்டுற தடிச்ச நூல்தான் லீடர். 16 பவுண்டு லீடர் கட்டின முடிச்சு ஒவ்வொரு வீச்சுலயும் அங்கே போய் இடிக்கும். இடிச்சதும் லூர் மெதுவாகும், ஸ்பூல் அதே வேகத்துல சுத்தும். அடுத்தது ஸ்பூல்ல நூல் சிக்கிக் குருவிக்கூடு. அரைமணி நேரம் படகுல உட்கார்ந்து சிக்கு எடுக்கணும்.

நான் கேக்கிறது ஒண்ணுதான். முடிச்சு போகுமா, போகாதா?

செந்தூல் செபாராவ்:
எழுதினது நான்தான் அண்ணே. ஒரு எழுத்தையும் மாத்தமாட்டேன். கம்பைக் கெடுக்கிறது நுனி எடை. கைப்பிடியில 5 கிராம் கூடினாலும் கைக்குத் தெரியாது. நுனியில கால் கிராம் கூடினா வீசி முடிச்சப்புறமும் நுனி ஆடிக்கிட்டே நிக்கும். பீசி கம்புல வளையம் மேல் பக்கம் உட்காருது. மீன் இழுத்து கம்பு வளையிறப்ப நூல் கம்புல உரசாம இருக்கணும்னா வளையத்தை நெருக்கி வைக்கணும், எண்ணிக்கையும் கூடும். ஒன்பது வளையம், ஒவ்வொண்ணும் ஒரு சைஸ் பெருசு, அது மேல நூல் கட்டு, அது மேல எபோக்சி பூச்சு. கூட்டிப் பாருங்க.

முடிச்சு போகும். 0.8 எண் பீஇ பின்னல் நூல் 0.148 மில்லி. 16 பவுண்டு ஃபுளோரோ லீடர் 0.33 மில்லி. ஒழுங்கா கட்டின எஃப்ஜி முடிச்சு முக்கால் மில்லியைத் தாண்டாது. என்கிட்ட இருக்கிற 4 எண் வளையத்தை நானே அளந்தேன், துளை 2 மில்லிக்கு மேல. போகாம என்ன செய்யும்? கட்டத் தெரியாதவங்க கட்டின முடிச்சுதான் போகாது.

புதுத்தூண்டில்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். யூஎல்னா எத்தனை கிராம் லூர்? 1லிருந்து 5 கிராமா, 3லிருந்து 10 கிராமா? முதல் தடவையா கம்பு கட்டப் போறேன். அது தெரிஞ்சாத்தான் பிளாங்க், அதான் வளையம் கட்டாத வெறுங்கம்பு, வாங்க முடியும்.

பிறை கம்புக்காரன்:
செந்தூல் தம்பி, கணக்கு நல்லா போடுற. மேசை மேல வெச்சுக் கையால இழுத்தா போகும், நானும் இழுத்துப் பார்த்தவன்தான். வீசுறப்ப நூல் நேர்க்கோட்டுல போறதில்ல. நெளிஞ்சு, சுருண்டு, வளையத்துல அடிச்சுக்கிட்டே போகும். ஃபுளோரோ விறைப்பான சாமான், ஸ்பூல்ல சுத்தியிருந்த சுருள் அப்படியே நிக்கும். 7 கிராம் ஸ்பூன் அதையெல்லாம் இழுத்துக்கிட்டுப் போயிரும். 2 கிராம் ஸ்பூன் இழுக்காது. 'டக்'னு ஒரு சத்தம் கேட்கும், விரலுக்கும் தெரியும். அது தெரியலேன்னா நீ 2 கிராம் வீசினதே இல்லேன்னு அர்த்தம்.

ரவாங் ராஜாளி:
இதுக்குப் போய் இவ்வளவு சண்டையா? லீடரை ரெண்டு சாணுக்கு வெட்டுங்க. முடிச்சை நுனி வளையத்துக்கு வெளியே தொங்கவிட்டு வீசுங்க. வளையத்துக்குள்ள போகவே போகாது. நான் ஈய லொம்போங்ல, பழைய சுரங்கக் குட்டையில, பீக்கோக் பாஸ் மீன் பிடிக்கிறது இப்படித்தான்.

இன்னொண்ணு, வளையத்துக்குள்ள போடுற பீங்கான்ல டோர்சைட், சிக்னு ரெண்டு வகை இருக்கு. டோர்சைட் வளையம் சிக் வளையத்தைவிட மெல்லிசு. அதே 4 எண்ணுல துளை பெருசாக் கிடைக்கும்.

செந்தூல் செபாராவ்:
அதைத்தான் நானும் சொல்றேன். ராஜாளி அண்ணனுக்குப் புரியுது.

பிறை கம்புக்காரன்:
லொம்போங்ல ரெண்டு சாண் போதும். தெமெங்கோர் ஏரிக்கு வாங்க. தண்ணிக்கடியில காடே நிக்குது, பட்ட மரம் எல்லாம். செபாராவ் மீன் கடிச்ச வேகத்துல மரத்துக்குள்ள பாயும். பீஇ நூல் கட்டையில ஒருதரம் உரசினா போச்சு. அங்கே ஒரு பாகம், ரெண்டு கையையும் விரிச்ச நீளம், லீடர் வேணும். ஒரு பாகம் லீடர் விட்டா முடிச்சு வளையத்துக்குள்ள வந்துதான் ஆகணும். காசு கட்டிப் பிடிக்கிற குளத்துல மரம் கிடையாது, அதனால செந்தூல் மாதிரி கோலாலம்பூர் கேஎல்காரங்களுக்கு இந்தக் கவலையும் கிடையாது.

டோர்சைட் நல்ல சாமான்தான், இல்லேன்னு சொல்லல. ஒரு கம்புக்கு அதை முழுசாப் போடுற காசுல எனக்கு இன்னொரு பிளாங்க் வந்துரும். எடையைக் குறைக்கணுமா, வளையத்தைப் பிடிச்சிருக்கிற உலோகச் சட்டத்தை மாத்து. டைட்டானியத்தோட அடர்த்தி 4.5, எஃகு கிட்டத்தட்ட 8. நுனிப் பக்கம் நாலு வளையத்துக்கு மட்டும் டைட்டானியம் போடு, ஒத்தைக்கால் வளையமா போடு, ஒரு கட்டு நூல் மிச்சம். துளையைச் சுருக்கித்தான் எடை குறைக்கணும்னு யார் சொல்லிக்கொடுத்தா?

பாகான் டாலாம் மாமா:
தம்பிகளா, வளையத்தை விட்டுட்டு பிளாங்கைப் பேசுங்க. 2 கிராமுக்கு நுனி வளையலேன்னா நாலும் அஞ்சும் ஒண்ணுதான். விறைச்ச கார்பன் பிளாங்க் வாங்கி அதுல என்ன வளையம் போட்டாலும் லூர் பறக்காது. மெதுவா, பாதி வரைக்கும் வளையிற பிளாங்க் வேணும். கண்ணாடி இழையில கட்டினாலும் குத்தமில்ல. மெசின் உட்காருற ரீல் சீட்டும் சின்னதா வேணும், உள்ளங்கையில மெசினோட சேர்ந்து அடங்கணும். நாள் முழுக்க வீசுறது கைதானே.

புதுத்தூண்டில்:
நன்றி மாமா. அப்போ அந்தப் பிளாங்க்ல எத்தனை கிராம்னு எழுதியிருக்கணும்?

செந்தூல் செபாராவ்:
காசு கட்டுற குளமா? நான் செபாராவ் பிடிச்ச ஆத்துக்கெல்லாம் அண்ணன் வந்திருக்காரா? கேஎல்காரன்னா குளம்னு முடிவு பண்றது பினாங்குக்காரங்களுக்குப் பழக்கமாப் போச்சு.

பேச்சு வந்ததால சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த அண்ணன்கிட்டத்தான் ஒரு கம்பு கட்டி வாங்கினேன். மூணு வளையத்து மேல எபோக்சி பால் மாதிரி வெளுத்து இருந்தது. நுனியில எபோக்சி சொட்டு சொட்டா தடிச்சு நின்னுச்சு. நுனி எடையைப் பத்தி நான் ஏன் இவ்வளவு பேசுறேன்னு இப்போ எல்லாருக்கும் புரியும்.

பிறை கம்புக்காரன்:
சபையில வெச்சுச் சொல்லிட்டே, நானும் சபையிலயே சொல்றேன். நவம்பர் மாசம், விடாத மழை. "அண்ணே, வெள்ளிக்கிழமை தெமெங்கோர் போறேன், கொடுத்துருங்க"ன்னு நாலு தடவை போன் பண்ணினது யாரு? ஈரம் கூடினா எபோக்சி வெளுக்கும். ரெண்டு பாகத்தையும் ஊசிக்குழாய்ல சரிக்குச் சரி அளந்து கலந்தேன். மோட்டார்ல ராத்திரி பூரா சுத்தவிட்டேன். இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா சுரண்டிட்டு மறுபூச்சு பூசியிருப்பேன். அதையும் அப்பவே உன்கிட்ட சொன்னேன். அந்தக் கம்புல நுனி என்ன எண்? 5. அதே கம்புல நீ மூணு கிலோ செபாராவ் தூக்கிப் படம் போட்டே. முடிச்சு போச்சா இல்லையா?

செந்தூல் செபாராவ்:
மீனைப் பிடிச்சது நான். வளையம் பிடிக்கல.

தமிழ்க்கோல்:
வணக்கம். கம்பு, மெசின், லூர், செபாராவ் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். தூண்டிற்கோல் என்ற அழகான சொல் நமக்கு இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்தானே எல்லோரும்? நாமே எழுதாவிட்டால் இந்த நாட்டில் வேறு யார் எழுதுவார்கள்?

பிறை கம்புக்காரன்:
ஐயா, உங்க ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனா எங்கப்பா தோட்டத்துல ரப்பர் பால் வெட்டிட்டு வந்து, மூங்கிலை வெட்டி, அல்லூருல (வாய்க்கால்ல) ஹாருவான் (விரால்) பிடிக்க எனக்குச் செஞ்சு கொடுத்தது கம்பு. அவர் கம்புன்னுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் விடமாட்டேன். நீங்க கோல்னு எழுதுங்க, நான் படிக்கிறேன்.

தமிழ்க்கோல்:
மூங்கிலைக் கம்பு என்றது சரி. மெசின் எந்தத் தோட்டத்தில் விளைந்தது?

ரவாங் ராஜாளி:
வளையத்தை மேலே வைக்காம, நடுவிலிருந்து சுத்திக் கீழே கொண்டுபோற கட்டு ஒண்ணு இருக்கு. ஸ்பைரல். கம்பு கையில முறுக்காது. வளையிறப்ப நூல் கம்பைத் தொடாது, அதனால வளையம் குறைச்சுப் போடலாம். நாலா அஞ்சாங்கிற பேச்சே இல்ல.

பிறை கம்புக்காரன்:
ஸ்பைரல் கட்டினாலும் நுனியில ஒரு வளையம் இருக்கும் ராஜாளி. அதுல முடிச்சு போகணும்.

செந்தூல் செபாராவ்:
4லயே போகும்.

பிறை கம்புக்காரன்:
போகும், இடிச்சுக்கிட்டுப் போகும். பத்து வீச்சுல ரெண்டு வீச்சு குருவிக்கூடு ஆகும். பத்து கம்பு கட்டினவன் சொன்னா நான் கேட்டுக்குவேன். நீ இதுவரைக்கும் எத்தனை கம்பு கட்டியிருக்கே?

செந்தூல் செபாராவ்:
மூணு. மூணுலயும் எபோக்சி வெளுக்கல.

பாகான் டாலாம் மாமா:
பிளாங்க் பத்திக் கேட்ட பிள்ளைக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா.

பிறை கம்புக்காரன்:
மாமா, அந்தத் தம்பி பிளாங்க் எது வேணா வாங்கட்டும், நுனிக்கு 5 போடச் சொல்லுங்க. அது போதும்.

செந்தூல், சனிக்கிழமை பிறைக்கு வா. ஒரே பிளாங்க்ல ரெண்டு நுனி வளையம் மாத்தி மாத்தி ஒட்டுறேன், ஒரு 4, ஒரு 5. ஒரே மெசின், ஒரே 2 கிராம் ஸ்பூன், ஒரு பாகம் லீடர். திடல்ல அம்பது வீச்சு வீசுவோம்.

செந்தூல் செபாராவ்:
வர்றேன். முடிச்சை நான் கட்டுவேன்.

பிறை கம்புக்காரன்:
என் கம்புல என் முடிச்சுதான்.

செந்தூல் செபாராவ்:
அப்போ நான் எதுக்கு வரணும்? உங்க முடிச்சு போகாதுன்னு எனக்கு இங்கேயிருந்தே தெரியும்.

பிறை கம்புக்காரன்:
4 எண்ணுல இடிக்காம போகாது. அதைத்தான் நேத்திலிருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்.

புதுத்தூண்டில்:
அண்ணே, 3லிருந்து 10 கிராம் பிளாங்க் ஒண்ணு கடையில இருக்கு. அதை யூஎல்னு சொல்லலாமா?