மறு: கண்ணாடி அடுப்பா, கதிரடுப்பா?

ரோஸ் ஹில், ஆசிரியர்
வணக்கம். மொரீஷியஸில் எங்கள் மாலை வகுப்புக்கு 'எந்த அடுப்பு வாங்கலாம்' என்று இரண்டு பக்கக் கைத்தாள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடையில் 'வித்ரோசேராமிக்' என்று எழுதியிருக்கும் வழுவழுத் தளத்தைக் கண்ணாடி அடுப்பு என்றும், மற்ற இரண்டையும் சுருள் அடுப்பு, எரிவாயு அடுப்பு என்றும் போட்டிருக்கிறேன். சரியா?

போர்ட் லூயி
ரூபாய்த் தாளில் தமிழ் எண் அச்சடிக்கும் நாட்டில் 'வாயு' எதற்கு? வளி இருக்கிறதே. எரிவளியடுப்பு எனலாம். கண்ணாடிக்குப் பழைய பொருள் முகம் பார்ப்பது. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' (குறள் 706). ஆகவே பளிங்கடுப்பு.

கத்ர் போர்ன்
ஐயா, குறள் 941-இல் 'வளி முதலா எண்ணிய மூன்று' வருகிறது. அங்கே வளி வாதம். வளியடுப்பு என்றால் வாய்வுக்குக் கஷாயம் காய்ச்சும் அடுப்பு என்று நினைப்பார்கள். பளிங்கு இன்றைக்கு மார்பிள். 12 கிலோ சிலிண்டரைத் தூக்கி வருகிறவரிடம் காஸ் என்றால்தான் வேலை நடக்கும்.

செந்த் ஆந்த்ரே, ரெயூனியன்
வேர்ச்சொல் இருக்கட்டும், பொருளைப் பாருங்கள். கண்ணாடித் தளத்தில் இரண்டு வகை. ஒன்றில் தளத்துக்கு அடியில் கம்பிநாடா சிவந்து கதிராகச் சூடு ஏறும். தட்டையான அடி இருந்தால் எந்தப் பாத்திரமும் சுடும். மற்றதில் செம்புச் சுருள் காந்தப்புலம் உண்டாக்கும். அடியில் காந்தம் ஒட்டாத அலுமினிய தேக்சி (சமையல் பானை) அதில் சூடேறாமல் பச்சைத் தண்ணீராகவே கிடக்கும். ஆக, 'கண்ணாடி' இரண்டுக்கும் பொது, 'சுருள்' இதன் வயிற்றிலும் உண்டு. முதலாவதைக் கதிரடுப்பு, இரண்டாவதைத் தூண்டலடுப்பு (இண்டக்‌ஷன்) என்று பிரியுங்கள்.

வெளியே தெரியும் சுருளும் வெறுங்கம்பி அல்ல. உலோகக் குழாய், உள்ளே நிக்ரோம் கம்பி, கம்பி குழாயைத் தொடாதபடி இடையில் மக்னீசியம் ஆக்ஸைடு பொடி. அது சூடாகாவிட்டால் கழற்றி, சொருகும் இரண்டு கால்களைப் பாருங்கள். நுனி கருகியிருந்தால் பிடிப்பானில் தொடுப்பு தளர்ந்து பொறி பறந்திருக்கிறது. சுருளை மட்டும் மாற்றினால் புதிய காலும் கருகும். பிடிப்பானையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

போர்ட் லூயி
கதிர் நல்ல சொல். ஆனால் நெற்கதிரும் கதிர்தான்! சுடரடுப்பு?

கத்ர் போர்ன்
சுடர் காஸுக்குத்தான் உண்டு. நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகிச் சட்டி அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை, அல்லது துளை அடைத்திருக்கிறது. பர்னர் மூடியைக் கழுவி, காயவிட்டு, துளைகளை ஊசியால் குத்துங்கள். மூடி ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். கைத்தாளில் சொல்லைவிட இது முக்கியம். சூறாவளியில் மின்சாரம் போனாலும் தீக்குச்சி போட்டுக் காஸ் எரியும் என்பதையும் சேருங்கள்.

டர்பன்
ஒரு பழஞ்சொல். மண்ணடுப்பில் பானையைத் தூக்கிப் பிடிக்கும் மூன்று புடைப்புக்குக் குமிழ் என்று பெயர், இடையே காற்றும் தீயும் போக. காஸ் அடுப்பின் இரும்புச் சட்டம் செய்வது அதே வேலை. பக்கத்தில் மிச்சச் சூட்டில் சோற்றைக் காக்கும் கொடியடுப்பும் இருந்தது. கண்ணாடித் தளத்தின் ஓரத்தில் மெல்லச் சூடு காட்டும் வட்டத்துக்குக் கொடியடுப்பு என்றே வைக்கலாம்.

ரோஸ் ஹில், ஆசிரியர்
குமிழ் என்றால் வகுப்பில் திருகும் பிடியைத்தான் காட்டுவார்கள். கொடியடுப்பை ஏற்கிறேன், அழகாக இருக்கிறது. கண்ணாடித் தளத்தில் பாகு வழிந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி வேண்டும்.

செந்த் ஆந்த்ரே, ரெயூனியன்
மற்றது ஆறட்டும், சர்க்கரை ஆறக்கூடாது. பாத்திரத்தை எடுத்து, அடுப்பை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே கைப்பிடியுள்ள பிளேடைச் சாய்த்துச் சுரண்டுங்கள். கைக்கு உறை வேண்டும். இறுகினால் பெயரும்போது கண்ணாடிச் சில்லையும் கூடவே எடுக்கும். உருண்டை அடி கடாய் அந்தத் தளத்துக்கு ஆகாது. ஃபராத்தா (பரோட்டா) சுடும் இரும்புத் தவாவை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

ரோஸ் ஹில், ஆசிரியர்
நான்கு பேரில் மூவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்: காஸ் அடுப்பு, சுருள் அடுப்பு, கதிரடுப்பு. கதிரடுப்புக்குப் பக்கத்தில் முதல் முறை மட்டும் 'கண்ணாடித் தளம்' என்று அடைப்புக்குறி. தூண்டலடுப்புக்கு ஒரு எச்சரிக்கைப் பெட்டி.

போர்ட் லூயி
என் மறுப்பைப் பதிவு செய்க. எரிவளி.

ரோஸ் ஹில், ஆசிரியர்
பதிந்தாயிற்று. இன்னொன்று. கீழே ரொட்டி சுடும் பெட்டியை 'அவன்' என்று எழுதியிருந்தேன். 'அவனை 10 நிமிடம் சூடாக்கவும்' என்று படித்துவிட்டு மெய்ப்புப் பார்த்தவர் சிரிக்கிறார்.

டர்பன்
யாழ்ப்பாணத்தில் போறணை என்பார்கள்.

போர்ட் லூயி
அது போர்த்துக்கீசியம்! பொறுங்கள், மாலைக்குள் நாலு சொல் அனுப்புகிறேன்.